கோட்டைப்பிட்டி பற்றி நான் எழுதியது

மிச்சம், லண்டன்
12.01.2025

அன்புள்ள மச்சான் கமலநாதனுக்கு,

கணேசலிங்கம் எழுதிக்கொள்வது. கையெழுத்தைக் கண்டவுடன் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தாயானால் அதற்கே உனக்கு நன்றி. என் மனுசி தவமலருக்கு முழங்கால் நோ, எனக்குச் சீனி வருத்தம், மற்றப்படி இருக்கிறோம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

யோகமலர் போன செய்தியை இணையத்து மரண அறிவித்தலில்தான் கண்டேன். காலையில் தேத்தண்ணியோடு இருந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது இங்கே எங்கள் வயதுக்காரருக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. தெரிந்த முகம் வராத நாள் நல்ல நாள். டிசம்பர் முதற்கிழமை உன் மனைவியின் படம் வந்தது. கீழே லண்டனில் தொடர்புக்கு என்று ஊர் ஒன்றியத்துச் செயலாளர் புவனேசனின் இலக்கம். உன் கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் நின்றவன் நான்; என் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கண்டேன் என்று சொல்கிறேன்.

அவள் என்னோடு ஒருநாளும் கோபித்ததில்லை. நான் 2016இல் வந்து உங்கள் வீட்டில் பதினொரு நாள் நின்றபோது, ஒன்பது மணி வரைக்கும் நான் படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, லண்டனில பஸ் ஓடுறியளோ, இல்லாட்டி பஸ்ஸுக்குள்ள நித்திரை கொள்ளுறியளோ?" என்று கேட்டாள். முப்பத்தோராம் நாளுக்கு இங்கே படம் வைத்து விளக்கேற்றினோம். தவமலர் ஏழு கறி சமைத்துப் படைத்தாள். நானும் அவளும் மட்டும் இருந்து சாப்பிட்டோம்.

போனில் நீ என்னைத் தடை செய்து வைத்திருக்கிறாய். பதினாலு மாதம் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு இப்போது தபாற்காரனை நம்பி எழுதுகிறேன். கடைசியாய் நீ எடுத்தபோது சொன்னது ஒரே ஒரு வசனம்: "உன்ர கட்டுரையைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்து என்ர தோட்டத்துக்கை கட்டை அடிக்கிறாங்கள்." அதோடு வைத்துவிட்டாய். எனக்கு ஒரு வார்த்தை பேச இடம் தரவில்லை. தந்திருந்தாலும் என்னத்தைச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

இன்றைக்கும் நியாயம் பேச வரவில்லை. அந்தக் கண்டறியாத கட்டுரை எங்கேயிருந்து பிறந்தது என்று மட்டும் உனக்குச் சொல்லவேண்டும்.

இருபத்திநாலு வருடம் நான் 127ஆம் இலக்க பஸ் ஓடினேன் என்று உனக்குத் தெரியும். ரூட்டிங்கில் தொடங்கி, நாங்கள் இருக்கிற மிச்சம், வாலிங்டன் தாண்டிப் பேர்லி வரைக்கும். ஊரின் பெயரை நெற்றியில் போட்டுக்கொண்டு ஓடுகிற தொழில். ஆனால் அந்தப் பெயர்களுக்கு அர்த்தம் ஒன்று இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பியற்றிஸ் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா, நூலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவ, செவ்வாய்க்கிழமைகளில் என் பஸ்ஸில் ஏறுவா. ஒருநாள் வாலிங்டனில் இறங்கும்போது, இந்த ஊரின் பெயருக்கு வெளியாட்களின் ஊர் என்று அர்த்தம், தெரியுமா என்று கேட்டா. எனக்குச் சுள்ளென்று ஏறியது. என்னைத்தான் குத்துகிறா என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய் விளக்கம் சொன்னா. கடல் கடந்து வந்த சாக்சன்காரர், இங்கே முதலே குடியிருந்த சனத்தைப் பார்த்து வெளியாட்கள் என்று பெயர் வைத்தார்களாம். வந்தவன் இருந்தவனுக்கு வைத்த பெயர்! அன்றைக்குப் பேர்லி வரைக்கும் தனியே சிரித்துக்கொண்டு ஓடினேன்.

அதோடு எனக்கு விசர் பிடித்தது. குரோய்டனுக்குக் குங்குமப்பூப் பள்ளத்தாக்கு என்று பொருளாம், மச்சான். தொண்ணூறாம் ஆண்டு மாசிக் குளிரில் அகதி விண்ணப்பத்தோடு அந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால் வரிசையில் விறைத்து நின்றவனுக்கு இதை எவனாவது சொல்லியிருந்தால் கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன். அந்தப் பூவின் பெயர் லத்தீனில் இருந்து வந்ததாம், பள்ளத்தாக்குச் சாக்சன்காரருடையதாம். பக்கத்தில் பெஞ்ச் என்று ஓர் இடம்; அது அவர்களுக்கும் முந்திய சனத்தின் சொல், காட்டின் தலை என்று அர்த்தம். தேம்ஸ் ஆற்றின் பெயர் அதற்கும் முந்தியதாம், ஆர் வைத்தது என்று ஒருவருக்கும் நிச்சயமாய்த் தெரியாது. இவ்வளவு கலப்பையும் இந்தச் சனம் ஒரு கூச்சமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு திரிகிறது. எனக்கு அது பெரிய அதிசயமாய் இருந்தது.

பிறகு ஞாயிறுகளில் பியற்றிஸின் நடைக்குழுவோடு போகத் தொடங்கினேன். லண்டனைச் சுற்றிப் பழைய மேட்டுக்கோட்டைகள் கிடக்கின்றன, இரண்டாயிரம் வருடத்துக்கும் மேற்பட்டவை. கோட்டை என்றால் கல்லும் கொத்தளமும் அல்ல. வட்டமாய் ஒரு மண் அணை, வெளிப்பக்கம் ஓர் அகழி, அவ்வளவுதான். விம்பிள்டன் வெளிக்கரையில் ஒன்று. சீசரின் பாசறை என்று அதற்குப் பெயர். சீசருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன் காணிக்காரன் வீடு கட்ட எண்ணி அணையைத் தட்டிச் சமப்படுத்திப்போட்டானாம். இப்போது அதன் மேல் கோல்ப் அடிக்கிறார்கள். குறுக்கே ஓர் ஒற்றையடிப்பாதை போகிறது. முதல் நாள் அந்த வளைந்த மேட்டில் ஏறி அதை இரண்டு தரம் சுற்றி நடந்தேன். உங்கள் தோட்டத்துக்கு மேற்கே இருக்கிற கோட்டைப்பிட்டியேதான், கமலநாதன். அதே வளைவு, அதே சரிவு.

ஒன்றியத்து வெள்ளிவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று புவனேசன் கேட்டான். எழுதினேன். இலந்தைக்காமம் என்ற எங்கள் ஊர்ப்பெயரில் முன்பாதி எங்கள் மரம், பின்பாதியான காமம், கிராமம் என்கிற பாளியோ சிங்களமோ கலந்தது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, லண்டனைச் சுற்றியும் இதே கதைதான் என்றேன். கோட்டைப்பிட்டியடியில் கிணறு வெட்டும்போது கறுப்பும் சிவப்புமாய்ப் பழைய பானை ஓடுகள் வந்தன, எங்கள் எல்லாருக்கும் முந்தி அங்கே ஆரோ இருந்திருக்கிறார்கள் என்றேன். விழாவில் மேடையேறி வாசித்தேன். பாதி மண்டபம் கை தட்டியது. பின்வரிசையில் ஒருவர் எழும்பி, எனக்கு ஆர் காசு தந்தது என்று கேட்டார். அவருக்கு அறிவு அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர்தான் விளங்கிக்கொண்டவர், நான்தான் மொக்கன் என்று அறிய எனக்கு ஒரு வருடம் எடுத்தது. இங்கே முந்நூறு பிரதி அடித்த மலர் அங்கே எல்லைக் கட்டை அடிக்க வந்த தொல்லியல் திணைக்களத்தார் கைக்கு எப்படிப் போனது என்று இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்று. கிணறு உன் ஐயா வெட்டியது. ஓட்டைக் கண்டவன் நீ. கட்டுரையில் உன் பெயரை நான் போடவில்லை. மலர் வந்த நேரம் நீ அதைக் கேட்டுச் சண்டை பிடித்தாய், நான் பக்கம் காணாது என்று சாட்டுச் சொன்னேன். பக்கம் இருந்தது, மச்சான். ஒருநாளாவது மேடையில் நான் மட்டும் நிற்கவேண்டும் என்று ஓர் ஆசை. இப்போது உன் பெயர் அந்தக் கட்டுரையில் இல்லாதது நல்லதுக்கு என்று புவனேசன் சொல்கிறான். அந்தப் புண்ணியத்தை என் கணக்கில் எழுதாதே. நான் செய்தது அற்பத்தனம்.

பதில் போடாவிட்டாலும் வாசித்தாய் என்று நினைத்துக்கொள்கிறேன். யோகமலர் போன இடத்தில் அமைதியாய் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன்,
கணேசலிங்கம்


மிச்சம்
02.03.2025

கமலநாதனுக்கு,

இந்த முறை அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை.

நேற்றுப் புவனேசன் வந்தான். உன் சட்டத்தரணி அனுப்பிய தாளை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் எழும்பிவிட்டான். ஆங்கிலத்தில் இலக்கமிட்ட ஏழு பந்தி, பின்னால் ஒரு கட்டு இணைப்பு. வைகாசியில் வழக்கு. கிணறும் தோட்டமும் போய், இப்போது வீட்டையும் சேர்த்து, முந்திச் சிங்களவர் இருந்த புராதன இடம் என்று எடுக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் கையில் எழுத்தில் இருக்கிற ஆதாரம் நான் எழுதியது ஒன்றுதான். எழுதியவனே அது பொய் என்று சத்தியக்கடதாசி கொடுத்தால் வழக்கின் காலை முறிக்கலாம். விளங்கியது.

முதல் மூன்று பந்திக்கும் இப்போதே ஒப்பம் வைக்கிறேன். நான் படித்தவன் அல்ல, பஸ் சாரதி. தொல்லியல் தெரியாது. எங்கும் தோண்டிப் பார்க்கவில்லை. அத்தனையும் உண்மை, நாலு பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நாலாம் பந்தியில் நிற்கிறேன். கோட்டைப்பிட்டியில் பழைய ஓடு எதையும் நான் ஒருபோதும் கண்டதில்லையாம். எவரும் எனக்கு அப்படி ஒன்று காட்டியதும் இல்லையாம். கட்டுரை முழுவதும் என் கற்பனையாம்.

இதை நான் எப்படியடா சொல்வேன்? எழுபத்துமூன்றாம் ஆண்டு உன் ஐயாவின் மண்வெட்டியில் தட்டுப்பட்டதைக் கழுவி எடுத்துப் பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டு வைத்தவன் ஆர்? நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று அதில் ஒன்றை என் காற்சட்டைப் பைக்குள் வைத்து, உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிவிட்டவன் ஆர்? அது இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத முன்னம்கூட எடுத்துப் பார்த்தேன்.

மூன்று பந்தியோடு நிறுத்தினால் போதாதா என்று உன் சட்டத்தரணிக்கு நானே போன் எடுத்துக் கேட்டேன். அவரோ, தெரியாமல் எழுதினேன் என்றால், தெரிந்தவர்கள் தோண்டிப் பார்க்கட்டும் என்பார்கள். பொய்யாய் எழுதினேன் என்றால்தான் தோண்ட ஒன்றுமில்லை என்றார். கெட்டிக்காரர்.

பியற்றிஸிடம் போய்ச் சொன்னேன். அவவால் இப்போது நடக்க ஏலாது, வாலிங்டனில் வீட்டுக் கதிரையோடு இருக்கிறா. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, என்ன வந்தாலும் உண்மையை மட்டும் விட்டுக்கொடுக்காதே என்று என் கையைப் பிடித்தா. நல்ல மனுசி. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. அவவுக்கு அது லேசான கதை. தன்னுடைய ஊர் வெளியாட்களின் ஊர் என்று அவ ஆயிரம் தரம் சொல்லலாம். அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பழைய சனத்தின் வழிவந்த வேல்ஸ்காரர் ஒருவரும் வந்து அவவின் குசினிக்குப் பின்னால் கட்டை அடிக்கப் போவதில்லை. இங்கே அந்தச் சண்டை முடிந்து ஆயிரம் வருடத்துக்கு மேலாகிறது. எங்களுக்கு முடியவில்லை. சண்டை முடிந்த சனத்தின் விளையாட்டைக் கொண்டுபோய்ச் சண்டை முடியாத இடத்தில் விளையாடினேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து, என் மடியிலும் அல்ல, உன் மடியில் விட்டேன்.

அப்படியென்றால் ஒப்பத்தை வை என்பாய். அகதியாய் வந்த புதிதில், இவர் சொல்லும் கதை நம்பத்தக்கதல்ல என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாலு வருடம் படியேறி இறங்கி, நான் சொன்னது மெய் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். அன்றைக்குத் தொடக்கம், உனக்குச் சொன்ன அந்தப் பக்கச் சாட்டைத் தவிர, நான் வாயால் ஒரு பொய் சொன்னதில்லை. வேலைக்குப் பிந்தினால்கூட உடம்புக்கு வருத்தம் என்று சொல்லமாட்டேன், நித்திரையாய்ப் போனேன் என்பேன். இப்போது என் கையாலேயே நான் பொய்க்காரன் என்று எழுதித் தரவா? ஏலாது, கமலநாதன்.

நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐம்பது வருடச் சிநேகிதத்துக்குச் சட்டத்தரணியின் தாள் வருகிறது, அதுவும் புவனேசன் கையில். இதைத் தபாலில் போடவேண்டாம் என்று தவமலர் நிற்கிறாள். போடத்தான் போகிறேன்.

கணேசலிங்கம்


மிச்சம்
27.04.2025

என் அன்புக்குரிய கமலநாதனுக்கு,

போன கடிதம் கிடைத்திருந்தால் அதை அடுப்பில் போடு. கிடைக்கவில்லையென்றால் தபாற்காரனுக்குப் புண்ணியம்.

இதோடு சத்தியக்கடதாசி இருக்கிறது. ஏழு பந்தியும். நாலாம் பந்தி உன் சட்டத்தரணி எழுதியபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் மாற்றவில்லை. இதன் பிரதி ஒன்றை மின்னஞ்சலில் சட்டத்தரணிக்கு வெள்ளிக்கிழமையே அனுப்பியாயிற்று.

புவனேசன் விடுமுறைக்கு ஊருக்கு வந்து உன்னைக் கண்டுவிட்டுப் போன கிழமை திரும்பினான். நான் துருவித் துருவிக் கேட்டபடியால் சொன்னான். கிணற்றைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருக்கிறதாம், ஒருவரும் கிட்டப் போகக்கூடாதாம். யோகமலர் கட்டிலோடு கிடந்த ஐந்து மாதமும், அவளைக் குளிப்பாட்ட, அவளுடைய துணி தோய்க்க, நீ இரண்டு கையிலும் தண்ணிக் கலன் தூக்கிக்கொண்டு அடுத்த காணிக் கிணற்றடிக்கும் வீட்டுக்கும் நடந்தாயாம். அறுபத்தாறு வயதில். உன் ஐயா வெட்டின கிணற்றைத் தாண்டித் தாண்டி. ஒருநாள் அவள், உங்களுக்கு ஏலாது, என்னை இண்டைக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று அழுதாளாம்.

எனக்கு ஏன் ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்று நான் கத்தினேன். புவனேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கமலநாதன் அண்ணைதான் சொல்லவேண்டாம் எண்டவர். கணேசு தாங்கமாட்டான் எண்டவர்" என்றான்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், மச்சான். நீ கோபத்தில் கதவை அடைத்து வைத்திருக்கிறாய் என்று இவ்வளவு நாளும் நான் உன்னோடு மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று தவமலர் சோறு போட்டுவிட்டு முன்னால் இருந்தாள். எனக்கு அறிவுரை சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, வாய்க்கொழுப்பு உங்களுக்கு எண்டு திட்டுவதோடு சரி. அன்றைக்குத் திட்டவில்லை. "பொய்க்காரன் எண்டு பேர் வந்தா உங்களுக்குப் பேர்தான் போகும். அந்த மனிசனுக்கு வீடெல்லோ போகுது," என்றாள். நாற்பது வருடம் என்னோடு இருந்து அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னவன் நான்; அன்றைக்கு எழும்பிப் போய்ச் சட்டத்தரணியின் தாளை எடுத்து வந்தேன்.

வியாழக்கிழமை ரூட்டிங்கில் ஒரு சொலிசிற்றரிடம் போனோம். ஸ்ரீநிதி என்று இந்தியப் பிள்ளை, எங்கள் மகள் கௌசியின் வயதுதான் இருக்கும். எந்த நூலின் மேல் சத்தியம் செய்கிறேன் என்று கேட்டாள். நூல் வேண்டாம், சும்மா உறுதிமொழியாய்ச் சொல்கிறேன் என்றேன். சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறதாம். பிறகு பேனையைத் தந்துவிட்டு, "எல்லாம் படிச்சுப் பார்த்துட்டீங்களா அங்கிள்? உண்மைதானே?" என்று கேட்டாள். அவள் கேட்கவேண்டிய முறைக்குக் கேட்டது. "ஓம் பிள்ளை, உண்மை," என்றேன். பொய் அவ்வளவு லேசாய் வந்தது. அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது.

இனி ஒன்று. இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன், தவமலருக்கும் முழுக்கச் சொல்லவில்லை. அந்த ஏழு பந்திக்குப் பின்னால் இருந்த இணைப்புக் கட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கட்டை அடிக்க வந்தவர்கள் கையில் இருந்தது ஒன்றியத்து மலர் அல்ல. ஓர் ஆங்கிலப் பக்கத்தின் பிரதி. அதன் மேல் மூலையில் ஒரு வரைபடம், வரைபடத்தில் சரியாய் உன் கிணற்றடியில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை வைத்தது என் மகள்.

கௌசிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மலர் வந்த வருடம் என் பிறந்தநாளுக்கு, அப்பா நீங்கள் எழுதினதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று வந்து இருந்தாள். ஆறு ஞாயிறு. நான் வாசிக்க வாசிக்க அவள் ஆங்கிலத்தில் அடித்தாள். இதென்ன, அதென்ன, கமலநாதன் மாமா எப்படி இருப்பார், கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். முப்பது வருடத்தில் அவள் என் ஊரைப் பற்றி என்னிடம் கேட்டது அந்த ஆறு ஞாயிறும்தான். எல்லாவற்றையும் இன்ரநெற்றில் ஒரு பக்கமாய் ஏற்றி, இதுதான் உங்களுக்குப் பிறந்தநாள் பரிசு என்று காட்டினாள். கிணறு எந்த இடம் என்று அவள் கேட்டபோது அவளுடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டியவன் நான்தான்.

போன ஞாயிறு வந்தபோது, அந்தப் பக்கத்தை எடுத்துவிடு என்று சொன்னேன். ஏன் என்றாள். அதெல்லாம் பிழை என்றேன். பிழையென்றால் திருத்தலாமே, எது பிழை என்று சொல்லுங்கள் என்று கொம்பியூட்டரைத் திறந்தாள். அவள் கெட்டிக்காரி, ஒன்றை விடமாட்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு அந்தச் சிவப்புப் புள்ளியும் விளங்கும், யோகமலரின் தண்ணீரும் விளங்கும். காலம் முழுவதும் அதைச் சுமப்பாள். ஆகையால், முழுவதும் நானாய் இட்டுக்கட்டினது, பெருமைக்காகச் சொன்னேன், கிணற்றில் ஓடும் இல்லை ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் கொம்பியூட்டரில் இருந்து கையை எடுத்தாள். பிறகு ஆங்கிலத்தில், "அப்பா, அந்த ஆறு கிழமையும் எனக்குப் பொய்யா சொன்னீர்கள்?" என்று கேட்டாள். "ஓம்," என்றேன். அவள் இரண்டு தட்டுத் தட்டினாள், பக்கம் போய்விட்டது. சாப்பிடாமல் போனாள். இந்தக் கிழமை இரண்டு தரம் எடுத்தாள், இரண்டு தரமும் தவமலரின் போனுக்கு.

இதைக் கௌசிக்கு நீயோ உன் பிள்ளைகளோ ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். உன் மருமகன் யனுஷன் அவளோடு பேஸ்புக்கில் கதைப்பவன். அவனுக்கும் சொல்லி வை. நான் செத்த பிறகும் சொல்லக்கூடாது.

நீ தந்த ஓடு வீட்டில் இருக்கக்கூடாது என்று பட்டது. கண்டதில்லை என்று சத்தியம் பண்ணியவன் அதை அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ள முடியாது. நாளைக்கு எனக்கு ஒன்று நடந்தால் கௌசிதான் அலுமாரியைத் துப்புரவாக்குவாள். நேற்று ட்ராம் எடுத்து விம்பிள்டனுக்குப் போய், அங்கேயிருந்து ஒரு பஸ், பிறகு நடை. சீசரின் பாசறை என்ற அந்த இடத்தில் மண்ணைத் தோண்டச் சட்டம் விடாது. தோண்டவில்லை. அகழிப் பக்கத்தில் முட்செடிக்குள் கையை விட்டுப் போட்டுவிட்டு, காலால் சருகைத் தள்ளி மூடினேன். கோல்ப் அடிக்க வந்த ஒருவர் பந்தைத் தேடுகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். ஒரு பொய் வெளிக்கிட்டால் மற்றவை தாங்களாகவே வருகின்றன. இன்னும் ஐந்நூறு வருடத்தில் அதைக் கண்டெடுப்பவனுக்கு மண்டை குழம்பட்டும், எனக்கென்ன. வரும் வழியெல்லாம் கை வெறுமையாய் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே முப்பத்தைந்து வருடம் இருந்திருக்கிறேன் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

இந்தத் தாளால் உன் வீடு நிற்குமோ தெரியாது. நிற்கவேண்டும் என்று மிச்சம் ஊரில் இருக்கிற கோயில் ஒன்றையும் தவமலர் விடவில்லை. கிணறு திரும்பக் கிடைத்தால் முதல் வாளியை யோகமலரின் பெயரைச் சொல்லி அள்ளு.

அடுத்த மாதம் ஒன்றியக் கூட்டத்தில் புவனேசன் இந்தத் தாளை வாசிப்பான், அப்படித்தான் உன் சட்டத்தரணி கேட்டிருக்கிறார். அதோடு இங்கேயிருக்கிற எங்கள் ஊர்ச்சனம் முழுவதுக்கும் நான் பொய்க்காரன். என் பிள்ளைக்கு ஏற்கெனவே பொய்க்காரன். தவமலருக்குக்கூட நான் சொல்லித்தான் தெரியும், அவள் கண்ணால் கண்டவள் அல்ல. உன் ஐயா இல்லை. யோகமலர் இல்லை. அன்றைக்கு அந்தக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, வந்ததைக் கையில் வாங்கி, நான் எழுதியது பொய் இல்லை என்று அறிந்த மனிதன் இந்த உலகத்தில் இனி நீ ஒருவன்தான், கமலநாதன்.

ஆகையால் உடம்பைக் கவனி. பிரஷர் குளிசையைப் பிந்தாமல் போடு. தண்ணிக் கலனை இனி யனுஷன் தூக்கட்டும், நீ தூக்காதே. என்னை மன்னிக்க வேண்டாம், எனக்கு எழுதவும் வேண்டாம். நெடுநாள் இரு. எனக்கு முன்னால் மட்டும் போய்விடாதே, மச்சான்.

உன்,
கணேசு